பீட்லாக் ரிம்முல பக்கி டயர் மாத்தினப்புறம் வர்ற கோளாறுங்க: எதுக்கு எதைப் பாக்கணும்

பாகாயம் தாண்டி ஆரணி ரோட்டுல சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கேன். பைக்கு, ட்ராக்டர் வேலைதான் பொழப்பு. ஆனா கொஞ்ச வருஷமா ஆஃப்ரோடு பக்கி, அதான் மண்ணு மேடுன்னு ரோடு இல்லாத எடத்துல ஓட்டுற சின்ன வண்டி, அதை வச்சிருக்கிறவங்க, காலேஜ் போட்டிக்கு வண்டி கட்டுற பசங்க எல்லாம் டாடா ஏஸ்ல ஏத்திக்கினு வந்து எறக்குறாங்க. பாதிக்கு மேல ஒரே கதைதான், டயரை அவங்களே மாத்தியிருப்பாங்க, அப்பால காத்து நிக்காது, இல்ல வீலு ஆடும், இல்ல போல்ட்டு மரை போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் போன்ல அதையேதான் சொல்லிக்கினு இருக்கேன், அதனால எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். உங்க வண்டிக்கு எந்த தொல்லையோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஆனா கீழ இருக்கிற முதல் விஷயத்தை மட்டும் படிக்காம போவாதீங்க.

எதுவா இருந்தாலும் முதல்ல இது

ரிம்முல உக்கார்ற டயரோட தடிச்ச ஓரம்தான் பீட்டு, அதை ரிம்மோட சேத்து போல்ட்டு போட்டு இறுக்கிப் புடிக்கிற வளையம்தான் பீட்லாக் ரிங். டயர்ல காத்து இருக்கும்போது அந்த ரிங் போல்ட்டுல ஸ்பேனர் வைக்கக்கூடாது. ஒரு போல்ட்டு கூட. வால்வு பின்னை கழட்டி கையில எடுத்து, காத்து சத்தம் சுத்தமா நின்னு, டயரை மிதிச்சா அமுங்குதான்னு பாத்துட்டு அப்புறம்தான் ரிங்கு பக்கம் போவணும்.

எங்க பட்டறையில வேலை கத்துக்க வந்த பையன் ஒருத்தன், வெறும் 7 பிஎஸ்ஐதானே அண்ணேன்னு சொல்லிட்டு நான் டீ வாங்க போன நேரத்துல வரிசையா ஆறு போல்ட்டை கழட்டிட்டான். ஏழாவது போல்ட்டை திருப்பும்போது அந்த பக்கம் ரிங்கு மேல எழும்பி பீட்டு வெளிய பிதுங்கி, மிச்சம் இருந்த போல்ட்டு ரெண்டு வளைஞ்சே போச்சு. கை அந்த பக்கம் இல்ல, தப்பிச்சான். அந்த வளைஞ்ச போல்ட்டு ரெண்டையும் இன்னும் பலகையில கம்பி போட்டு மாட்டி வச்சிருக்கேன், புதுசா வர்ற பசங்களுக்கு அதைத்தான் முதல்ல காட்டுவேன்.

காத்து அடிக்கும்போதும் அப்படித்தான், ரிங்குக்கு நேரா மூஞ்சிய வச்சிக்கினு குந்தாதீங்க. கிளிப்பு மாட்டுற ஓஸ் வாங்கி, டயரோட ஓட்டு பக்கமா, அதான் தரையில படுற பக்கமா, தள்ளி நின்னு அடிங்க.

ராத்திரி நல்லா இருந்தது, காலையில டயர் உக்காந்திருக்கு

இதுதான் அதிகமா வருது. கழட்டுற வேலையே வேணாம், ஒரு பக்கெட்டு சோப்பு தண்ணியும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் போதும். சைடுவால்ல, அதான் டயரோட பக்கவாட்டுல, போட்டிருக்கிற அளவுக்குள்ள கொஞ்சம் கூடுதலா காத்து ஏத்தி, நெழல்ல வச்சி, மெதுவா தடவுங்க. நம்ம ஊரு வெயில்ல வச்சி தடவுனா நுரை நிமிஷத்துல காஞ்சிடும், சின்ன லீக்கு தெரியவே தெரியாது.

*வால்வுல நுரை வந்தா:* வால்வு பின்னை இறுக்குங்க, நிக்கலன்னா புதுசு போடுங்க, சில்லறை செலவு. வால்வு அடியில ரிம் ஓட்டைகிட்ட வந்தா வால்வே வெடிச்சிருக்கு, டயர் மாத்தும்போது வால்வையும் மாத்திடறதுதான் புத்திசாலித்தனம், மறுபடி இத்தனை போல்ட்டு யாரு கழட்டுறது.

*டயர் நடுவுல நுரை வந்தா:* முள்ளு. பாலாத்தங்கரை பக்கமோ மல்லாட்டை புடுங்கின கொல்லியிலயோ ஓட்டினா சீமைக்கருவேல முள்ளு ஏறாம இருக்காது. அது உள்ள போயி மொனை ஒடைஞ்சி நிக்கும், வெளியில தெரியாது, ஒண்ணுன்னு நெனைப்பீங்க, நாலு இருக்கும். ஓட்டு பக்கம்னா பஞ்சர் ஸ்ட்ரிப்பு குத்தலாம். சைடுவால்ல ஏறியிருந்தா ஸ்ட்ரிப்பு வேணாம், கொறஞ்ச காத்துல ஓடுற டயர்ல சைடுவால்தான் மடங்கி மடங்கி வேலை செய்யும், அங்க ஸ்ட்ரிப்பு நிக்காது. டயரை கழட்டின அன்னிக்கு உள்பக்கம் பூரா பழைய பனியன் துணியால தடவுங்க, எங்க மாட்டுதோ அங்க முள்ளு இருக்கு. வெறுங்கையால தடவாதீங்க.

*ரிங்கு ஓரத்துல நுரை வந்தா:* எடுத்த உடனே போல்ட்டை இறுக்க ஓடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு இதுதான். காத்தை எறக்கிட்டு நுரை வந்த எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு அப்புறம் டார்க் ரெஞ்சால, அதான் எவ்ளோ டைட்டுன்னு அளவு வச்சி இறுக்குற ஸ்பேனரால, ஒவ்வொரு போல்ட்டா பாருங்க. கோடு போட்ட எடத்துல லூசா இருந்தா காரணம் கெடைச்சாச்சு. எல்லாம் சரியா இருந்தா ரிங்கை கழட்டித்தான் ஆவணும், ஏன்னா பீட்டுக்கும் ரிம்முக்கும் நடுவுல ஏதோ இருக்கு.

போன சித்திரையில கணியம்பாடி பக்கம் மாந்தோப்புல ஓட்டுற தம்பி ஒருத்தரு வந்தாரு. "அண்ணே, ரிங்கு புதுசு, டயரு புதுசு, இன்னும் இன்னா வேணும் அதுக்கு?"ன்னாரு, மூணு தடவை கழட்டி மாட்டியிருக்காரு, கண்ணுல கோவம். சோப்பு தண்ணி தடவினேன், ஒரே எடத்துல கடுகு சைசுக்கு நுரை வந்து வந்து உடையுது. கழட்டி பீட்டை திருப்பி வெளிச்சத்துல புடிச்சா, புது டயர்ல முடி மாதிரி நீட்டிக்கினு இருக்குமே ரப்பர், அந்த முடி ஒண்ணு பீட்டு மேலயே மொளைச்சி மடங்கி படுத்திருக்கு. பிளேடால சீவிட்டு எமரி பேப்பரால ரெண்டு தேய்ப்பு தேய்ச்சி மாட்டினோம், அப்புறம் அந்த டயர்ல ஒரு வாரம் காத்து கொறையல. அதுலேர்ந்து எந்த புது டயரா இருந்தாலும் பீட்டை சுத்தி வெரலால ஒரு ரவுண்டு தடவிப் பாக்காம மாட்டறதில்ல. பழைய ரிம்முன்னா பழைய டயரோட ரப்பர் ஒட்டியிருக்கும், மணலு இருக்கும், அலுமினியம் வெள்ளையா பூத்திருக்கும், வயர் பிரஷ்ஷும் தண்ணி எமரியும் போட்டு மினுமினுன்னு ஆக்குங்க. ஆனா கிரைண்டரை வைக்காதீங்க, பள்ளம் விழுந்தா அந்த பள்ளமே லீக்காயிடும்.

*உள்பக்க பீட்டுல நுரை வந்தா:* அந்த பக்கம் சாதா ரிம்மு மாதிரிதான், ரிங்கு கெடையாது. ரிம்மு ஓரம் நசுங்கியிருக்கான்னு பாருங்க. ஸ்டீல் ரிம்முல சின்ன நசுங்கலுன்னா பெண்டு எடுக்கலாம். அலுமினியத்துல கொஞ்சம்தான் எடுக்க வரும், விரிசல் கண்ணுல பட்டுச்சுன்னா ரிம்மை தூக்கிப் போட்டுடுங்க.

*வெல்டிங் கோட்டுல நுரை வந்தா:* சாதா ஸ்டீல் ரிம்முல லேத்துல கடைஞ்ச ரிங்கை வச்சி வெல்டு அடிச்சி பீட்லாக் பண்ணியிருப்பாங்க, அதுல ஊசி ஓட்டை இருக்கும். சிலிக்கான் தடவறது, எம்சீல் வைக்கிறது எல்லாம் ஒரு ஓட்டத்துக்கு தாங்கும், அடுத்த குழியில பேந்துடும். இங்க ஆள் கூப்புடணும். டயரை முழுசா கழட்டிட்டுத்தான் வெல்டு வைக்கணும், காத்தை எறக்கிட்டா போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, டயரோட இருக்கிற ரிம்முல சூடு வச்சா உள்ள ரப்பரு வெந்து வாயு வந்து டயரு வெடிச்சி ஆளு செத்த கதை நெறைய இருக்கு. நம்ம பக்கத்துல நல்ல வெல்டருக்கு பஞ்சம் இல்ல, ராணிப்பேட்டை பக்கம் பாய்லர் ஃபேப்ரிகேஷன்ல பிரஷர் தாங்குற வெல்டு வச்சி பழகின ஆளுங்க எத்தனையோ பேரு இருக்காங்க, கேட்டு கண்டுபுடிச்சி அவங்ககிட்ட குடுங்க. கேட் கிராதி பண்ற கடையில குடுக்காதீங்க.

சீலண்ட் தண்ணி ஊத்தலாமான்னு கேக்குறாங்க. பாதி வழியில மாட்டிக்கினா ஊத்தி வீடு வந்து சேருங்க, தப்பில்ல. ஆனா அது பீட்டுல காஞ்சி பிசின் மாதிரி ஆயிடும், வால்வு பின்னும் அடைச்சிக்கும், அடுத்த தடவை டயர் மாத்தும்போது சுரண்டறதுக்கே அரை நாள் போவும்.

அப்பால இன்னொண்ணு, லீக்கே இல்லாம லீக்குன்னு வர்றவங்களும் உண்டு. மத்தியானம் வெயில்ல சூடான டயர்ல 10 பிஎஸ்ஐ வச்சிட்டு விடியக்காலையில அளந்தா ஒண்ணு ஒண்ணரை கம்மியாத்தான் காட்டும், சூடு ஆறினா அவ்ளோதான் கணக்கு. அளவையும் பங்க் மிஷின்ல பாக்காதீங்க, அது காருக்கும் லாரிக்கும் உள்ளது, 7, 8 எல்லாம் சரியா காட்டாது. 0லேர்ந்து 20 வரைக்கும் மட்டும் இருக்கிற சின்ன கேஜ் ஒண்ணு வாங்கி வண்டியிலயே போட்டு வைங்க.

ரிங்குக்கும் ரிம்முக்கும் நடுவுல ஒரு பக்கம் கேப்பு, ஒரு பக்கம் ஒட்டிக்கினு இருக்கு

பீட்டு நடுவுல உக்காரல. ரிம்மு முகத்துல பீட்டு வந்து உக்கார ஒரு படி வெட்டியிருப்பாங்க, பீட்டு சுத்தியும் அந்த படியில எறங்கணும். ஒரு எடத்துல படி மேல ஏறி நிக்கும்போதே ரிங்கை வச்சி இறுக்கினா இப்படித்தான் ஆவும். எல்லா போல்ட்டையும் கையால சுத்துற லூசுக்கு கொண்டாந்து, ரப்பர் சுத்தியால டயரை தட்டி எறக்கி, மறுபடி ஆரம்பிங்க.

இறுக்குற முறைதான் இதுல பாதி வேலை. முதல்ல எல்லா போல்ட்டையும் விரலாலயே மாட்டிடணும், விரலால போவலன்னா மரையில குப்பை இருக்கு, நிறுத்துங்க. அப்புறம் கடிகாரத்துல 12, அதுக்கு நேர் எதிர் 6, 3, 9, அதுக்கு நடுநடுவுல, அப்படி எதிர் எதிரா கால் சுத்து கால் சுத்தா. ஒரே ரவுண்டுல முடிக்கணும்னு நெனைக்காதீங்க, நான் அஞ்சு ஆறு ரவுண்டு போவேன். கடைசி ரவுண்டு மட்டும் வரிசையா சுத்தி வரலாம். காத்து கன்னை வச்சி டர்ருனு முடிக்கிறவங்க வண்டிதான் மறுபடி என்கிட்ட வருது.

எவ்ளோ டைட்டுன்னா, ரிம்மோட குடுத்த பேப்பர்ல என்ன போட்டிருக்கோ அதுதான். லேத்துல செஞ்ச ரிங்கு, பேப்பரே இல்லன்னா, 8.8 கிரேடு எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வாக்குல, எம்8க்கு 25ஐ தாண்டாம வச்சிக்கோங்க. அலுமினியத்துல நேரா மரை போட்டிருந்தா இன்னும் கொறைக்கணும். மரையில கிரீஸோ, மரை பூட்டிக்காம இருக்க தடவுற ஆன்ட்டிசீஸ் பசையோ தடவினாலும் கொறைக்கணும், வழுக்கினா அதே டார்க்குக்கு போல்ட்டு இன்னும் அதிகமா இழுக்கும்.

எல்லாம் ஒழுங்கா பண்ணியும் கேப்பு வந்தா ரெண்டு விதமா பாருங்க. *சுத்தியும் ஒரே அளவு கேப்பு, ஒரு நூலுக்கு மேல:* டயர் பீட்டு தடிமன். ரிங்கு ரிம்முல ஒக்காரவே இல்ல, இன்னும் இறுக்கினா ரிங்கு கிண்ணம் மாதிரி குவியும், போல்ட்டு வளையும். *ரிங்கு ரிம்முல நல்லா ஒட்டிடுச்சு, ஆனா டயரை கையால திருப்பினா நவுருது:* பீட்டு மெலிசு, ரிங்குக்கு கடிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டுக்கும் லேத் பட்டறைதான், முதல் கேஸுக்கு ரிம்முக்கும் ரிங்குக்கும் நடுவுல ஸ்பேசர் வளையம், ரெண்டாவதுக்கு பீட்டுக்கு மேல ஷிம் வளையம், அதான் மெல்லிசான தகடு. சைக்கிள் டியூபை வெட்டி வைக்கிறவங்க இருக்காங்க, ரப்பர் நாளாக நாளாக அமுங்கிடும், போல்ட்டு லூசாயிடும், வேணாம்.

*ஒரு எடத்துல மட்டும் எப்பவும் கேப்பு, ரிங்கை திருப்பி வேற போல்ட்டு ஓட்டையில வச்சா கேப்பும் கூடவே திரும்புது:* ரிங்கு கோணல். கண்ணாடி மேல படுக்க வச்சி அடியில காகிதம் நுழையுதான்னு பாருங்க, தெரிஞ்சிடும். திருப்பியும் கேப்பு அதே எடத்துல நின்னா ரிம்மு கோணல், அது செலவு.

உள்பக்க பீட்டு ஏறவே மாட்டேங்குது, அடிக்க அடிக்க காத்து போயிக்கினே இருக்கு

வெளி பக்கத்தை ரிங்கு புடிச்சிக்கும், உள் பக்கம் காத்தாலதான் "டப்"புன்னு ஏறி உக்காரணும். டயரை அரை மணி நேரம் வெயில்ல வைங்க, வேலூர் வெயிலு இதுக்காவது ஒதவட்டும், ரப்பரு எளகி வந்துடும். பீட்டுக்கு சோப்பு தண்ணி நல்லா தடவுங்க. கிரீஸ், இன்ஜின் ஆயில் ரெண்டும் தடவக்கூடாது, ரப்பரை கெடுக்கும், டயர் ரிம்முல வழுக்கும். வால்வு பின்னை எடுத்துட்டு வேகமா காத்து வுடுங்க. அப்பவும் ஏறலன்னா லோடு கட்டுற ராட்செட் பெல்ட்டை டயர் நடுவுல சுத்தி இறுக்கினா பீட்டு ரெண்டு பக்கமும் விரியும், ஏற ஆரம்பிச்ச உடனே பெல்ட்டை லூசு பண்ணிடுங்க.

சைடுவால்ல பீட்டு ஏத்துறதுக்கு அதிகபட்சம் எவ்ளோன்னு அச்சடிச்சிருக்கும், அதுக்கு மேல ஒரு பிஎஸ்ஐ கூட போவாதீங்க. அந்த டயருங்க கொறஞ்ச காத்துல ஓடத்தான் செஞ்சது. பெட்ரோல் தெளிச்சி கொளுத்தி ஏத்துற வித்தையை வீடியோவுல பாத்துட்டு வந்து கேக்குறாங்க. எங்க பட்டறையில கெடையாது, நீங்களும் பண்ணாதீங்க. அச்சடிச்ச அளவு வந்தும் ஏறலன்னா நிறுத்திட்டு டயர் கடைக்கு எடுத்துக்கினு போயிடுங்க. போறதுக்கு முன்னாடி டயர் சைசும் ரிம் சைசும் ஒண்ணான்னு மட்டும் பாருங்க, 12 இன்ச்சு ரிம்முக்கு 11 இன்ச்சு டயரை வச்சி மல்லு கட்டிக்கினு இருந்தவங்களையும் பாத்திருக்கேன்.

போல்ட்டு சும்மா சுத்துது, இல்ல கழலவே மாட்டேங்குது

*சும்மா சுத்துனா* மரை போயிடுச்சு. போல்ட்டுல போயிருந்தா புது போல்ட்டு, முடிஞ்சுது. ஓட்டையில போயிருந்தா டேப் அடிச்சி ஹெலிகாயில், அதான் புது மரையா நிக்கிற கம்பிச்சுருள், போடணும், பழகினவங்ககிட்ட குடுங்க, ஓட்டை சாஞ்சிட்டா ரிங்கு உக்காராது. ஒரு போல்ட்டுதானேன்னு அப்படியே விட்டு ஓட்டாதீங்க, பக்கத்து ரெண்டும் அந்த பாரத்தை சொமந்து அதுங்களும் போவும்.

*டைட்டா இருக்கு, ஆனா ரிங்கு ஆடுது:* போல்ட்டு நீளம் ஜாஸ்தி, மூடின ஓட்டைன்னா அடியில இடிச்சிட்டு நிக்கும். ஹார்ட்வேர் கடையில இருக்கிறதை அள்ளிக்கினு வந்து போடுறதால வர்றது இது. கம்மியாவும் இருக்கக்கூடாது, ஸ்டீல்னா போல்ட்டு தடிமன் அளவுக்கு, அலுமினியம்னா அதுல ஒண்ணரை மடங்கு மரை உள்ள புடிச்சிருக்கணும்.

*கழல மாட்டேங்குதுன்னா* தலையை சுத்தி இருக்கிற மண்ணை முதல்ல ஊசியால நோண்டி எடுங்க, ஆலன் கீ முழுசா எறங்காம திருப்பினா தலை மழுங்கிடும். துரு எண்ணெய் விட்டு ராத்திரி பூரா வுடுங்க. காலையில கொஞ்சம் இறுக்கற மாதிரி திருப்பிட்டு அப்புறம் கழட்டுங்க. எஸ்எஸ், அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுன்னா ஜாக்கிரதை, காஞ்ச மரையில வேகமா சுத்தினா ரெண்டும் ஒண்ணா கடிச்சி பூட்டிக்கும், அதனால போடும்போதே ஆன்ட்டிசீஸ் தடவுங்க. தலை உடைஞ்சி உள்ள நின்னுடுச்சுன்னா கை வைக்காதீங்க, நடுவுல சரியா டிரில் எறக்கறது லேத்துக்காரர் வேலை. வீட்டு டிரில்லுல எறக்கி ஓட்டையை கோணலாக்கிட்டு வந்தா செலவு நாலு மடங்கு ஆவும்.

ஓட்டும்போது வீலு ஆடுது, ஸ்டீரிங் உதறுது

வண்டியை ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு வச்சிட்டு, வீலை கையால சுத்துங்க. பக்கத்துல ஒரு குச்சியை நட்டு ரிம்மு ஓரத்துக்கு கிட்ட கொண்டு போங்க.

ரிம்மு நேரா சுத்தி டயரு மட்டும் ஏறி எறங்கினா டயரு சரியா உக்காரல. ரிங்கு ஓரத்துலேர்ந்து சைடுவால்ல அச்சா ஒரு கோடு இருக்கும், அதுவரைக்கும் நாலு எடத்துல ஸ்கேல் வச்சி அளந்து பாருங்க, வித்தியாசம் இருந்தா கழட்டி மறுபடி மாட்டுங்க. ரிம்மே ஆடினா வீல் நட்டு சரியா உக்காந்திருக்கா, வீலு வந்து உக்கார்ற ஹப் முகத்துல மண்ணு கட்டியிருக்கா பாருங்க, ஒரு சின்ன மண்ணாங்கட்டி போதும். அதுவும் சுத்தம்னா 12ம் 6ம் புடிச்சி முன்னும் பின்னும் ஆட்டுங்க, லொட லொடன்னா பேரிங். அது வேற வேலை, மெக்கானிக்கிட்ட போங்க. ஓரளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும், கட்டை கட்டையா இருக்கிற டயரு, ரிங்கு வெயிட்டு வேற, காரு மாதிரி வழுவழுன்னு ஓடாது. வேகம் கூடக்கூட உதறலும் கூடுனாத்தான் பயப்படணும்.

திருப்பத்துல உள்பக்க பீட்டு கழண்டு வருது

பீட்லாக் போட்டாச்சே, எப்படி கழலும்னு கேப்பாங்க. ரிங்கு வெளி பக்கத்தை மட்டும்தான் புடிக்குது. காத்து ரொம்ப கம்மி, அதான் காரணம், ரெண்டு பிஎஸ்ஐ ஏத்திப் பாருங்க. அப்பவும் கழண்டா உள்பக்கம் பீட்டு நவுராம இருக்க ரிம்முல ஒரு மேடு இருக்கும், அது தேஞ்சிருக்கான்னு பாருங்க. டயரு பழசாகி பீட்டு தொளதொளன்னு ஆயிருந்தா டயருக்கு வயசாயிடுச்சு. ரிம்மை ஓட்டை போட்டு பீட்டுல ஸ்க்ரூ ஏத்தறது பழைய ரேஸ் பழக்கம், காத்து நிக்காது, ரிம்மும் வீணு. ரெண்டு பக்கமும் ரிங்கு இருக்கிற ரிம்மு கெடைக்கும், வெலை ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி, போட்டிக்கு ஓட்டறவங்களுக்கு மட்டும் அது தேவைப்படும்.

ஓட்டிட்டு வந்து பாத்தா போல்ட்டு லூசு

புது டயரு போட்ட முதல் ஓட்டத்துல லூசாகறது சகஜம், பீட்டு ரப்பரு அமுங்கி எடம் குடுக்கும். அதனால முதல் நாள் அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து, ஆற வச்சி, காத்தை எறக்கி, மறுபடி டார்க் ரெஞ்சால ஒரு ரவுண்டு பாக்கணும். இறுக்கின அப்புறம் ஒவ்வொரு போல்ட்டு தலைக்கும் ரிங்குக்கும் சேத்து பெயிண்ட் மார்க்கரால ஒரு கோடு இழுத்து வைங்க, அடுத்த தடவை கோடு விலகியிருக்கிறது தூரத்துலயே தெரியும், ஸ்பேனரே வேணாம்.

ரெண்டாவது, மூணாவது ஓட்டத்துலயும் லூசாச்சுன்னா அது சகஜம் இல்ல. அதே போல்ட்டுதான் திரும்பத் திரும்பன்னா அந்த மரை இழுபட்டிருக்கு. எல்லாமே லூசுன்னா மேல சொன்ன பீட்டு தடிமன் கணக்கைப் பாருங்க. ஸ்ப்ரிங் வாஷர் போட்டா சரியாயிடும்னு நம்பாதீங்க, மரை லாக் பசை, நீல கலர்ல வருமே, அது ஓரளவு ஒதவும், செகப்பு கலர் வேணாம், கழட்டறதுக்கு சூடு வைக்கணும், டயரு மாட்டின ரிம்முல சூடு வைக்கக்கூடாதுன்னு சொன்னேனே. ரிங்குல போல்ட்டு ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்துச்சுன்னா அந்த ரிங்கு முடிஞ்சுது, இறுக்கி ஓட்டாம ரிம்மோட லேத்துக்கு எடுத்துக்கினு போயி புது ரிங்கு கடைய குடுங்க, பழைய ரிங்கையும் அளவுக்கு கையோட குடுத்துடுங்க.